ரூலினுக்குப் பிடித்த மிட்டாய்

"உங்களைப் பற்றி நீங்களே நாலு வரி எழுதி அனுப்புங்கள். நீங்கள் யார், இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள், உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்" என்று கேட்டிருந்தார்கள் ஸ்வொல்லெ ஊர் வசந்தச் சந்தைக்காரர்கள். சந்தை மலரில் போடுவார்களாம். திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். அவர்களுக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழுதுகிறவள் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ரூலின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'என் பெயர் ரூலின்' என்று எழுதினாள். அதில் சந்தேகம் ஏதும் இல்லை. அதற்கு மேல் ஓடவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காதது என்றும் ஒன்றும் இல்லை. அன்று காலையில் ரொட்டி தின்றிருந்தாள். அதில் தடவியிருந்தது வெண்ணெயா, சீஸா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தாள். ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தான்.

ஜூனில்தான் பெரென்ட் செத்தான். அவள் புருஷன். ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளை ஒரு மரத்தில் சாத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இதயம் என்றார்கள். ஐம்பதுகூட ஆகவில்லை பாவிக்கு. ரூலின் அழவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தாள், வந்ததற்கு நன்றி என்றாள், காபி போதுமா என்று பார்த்துக்கொண்டாள். "என்ன தைரியம் பாரு இந்தப் பொண்ணுக்கு" என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. உள்ளே ஆளே இல்லை, அவ்வளவுதான். செத்துவிட்டான் என்ற வார்த்தையை அவள் வாய் இதுவரை ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

அவள் தொழில் பிறந்தநாள் நாட்காட்டி வரைவது. கக்கூஸில் மாட்டுகிற நாட்காட்டி. ஆமாம், கக்கூஸில்தான், வேறு எங்கே மாட்டுவார்கள்? கூடத்தில் மாட்டினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கக்கூஸில் என்றால் மனுஷன் தினமும் உட்கார்ந்தே ஆக வேண்டும், எதிர்ச்சுவரைப் பார்த்தே ஆக வேண்டும். யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்பது அப்புறம் எப்படி மறக்கும்? கிழமை போடாத நாட்காட்டி. ஒருதரம் பேர்களை எழுதி மாட்டிவிட்டால் காகிதம் பழுப்பேறுகிற வரைக்கும் ஓடும்.

ஆரம்பத்தில் ரூலின் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். பிறகு பேக்கரியில் கேக்குகளின் மேல் கிரீமால் பேர் எழுதினாள். பெரென்ட்டோடு பழக ஆரம்பித்த புதிதில் அவன் அம்மா யானாவின் பிறந்தநாள் வந்தது. வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஒரு நாட்காட்டியை வரைந்து எடுத்துக்கொண்டு போனாள். மாசத்துக்கு ஒரு கொடி, கொடியில் காய்கிற துணி. ஜனவரிக்கு பனியில் விறைத்துப்போன கம்பளிக் கால்சட்டை, ஜூலைக்கு ஒரு தொப்பைக்காரரின் நீச்சல் உடை, இப்படி. யானா அதை உடனே கக்கூஸில் மாட்டினாள். அன்று காபிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வெளியே வரும்போதே "இதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். "எங்க பிசினஸ் பொறந்ததே கக்கூஸ்லதான்" என்று பெரென்ட் சந்தைக்குச் சந்தை சொல்லுவான், சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அவள் வரைந்தாள், அவன் பேசினான். விற்பனை மேசைக்குப் பின்னால் நின்ற இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அவளுடைய இணையப் பக்கத்தில் 'என்னைப் பற்றி' என்று ஒன்று இருந்தது. அதுவும் அவன் எழுதியதுதான். அவள் பேரில், அவளே பேசுகிற மாதிரி எழுதிவைத்திருந்தான்.

"நான் ரூலின். டியூலிப் பூவுக்கும் எனக்கும் ஆகாது. மழை பிடிக்கும், மழையைத் திட்டுகிறவர்களை அதைவிடப் பிடிக்கும். உலகத்திலேயே மிகவும் பிடித்தது இரட்டை உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய். அது வாயில் இல்லாவிட்டால் எனக்கு ஒரு கோடுகூட வராது. என் புருஷன் டெவென்டர் ஊரிலேயே அழகன். எங்கள் சண்டைகளில் எப்போதும் அவன்தான் ஜெயிப்பான்."

இதில் மிட்டாய் சமாச்சாரம் பச்சைப் பொய். உப்பைக் கொட்டிச் செய்கிற அந்தக் கறுப்பு வில்லையை வாயில் வைத்தாலே ரூலினுக்குக் குமட்டும். தின்கிறவன் பெரென்ட். ஆனால் படித்தவர்கள் நம்பிவிட்டார்கள். சந்தைக்கு வரும்போது பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்தார்கள், தபாலில் அனுப்பினார்கள். அவள் "ஐயோ, எனக்கா!" என்று இரண்டு கையாலும் வாங்கி, மேசைக்கு அடியில் அவன் பக்கம் தள்ளுவாள். அவன் எங்கேயோ பார்க்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லுவான். என்ன ஒரு திருட்டுத்தனம்!

அவன் போன பிறகும் மிட்டாய் வருவது நிற்கவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் யாரிடமும் சொல்லவில்லையே. பொட்டலம் வந்தால் "மிக்க நன்றி, ருசியாக இருந்தது" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, வரைகிற மேசையின் இழுப்பறையில் போட்டு மூடிவிடுவாள். மேல் இழுப்பறை நிரம்பி, கீழ் இழுப்பறையும் நிரம்பிவிட்டது. பென்சில்களை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டாள். அவற்றை யாரும் தொடுவதில்லை, எங்கே இருந்தால் என்ன?

சனிக்கிழமை காலையில் மார்லூஸ் வந்து நின்றாள். பெரென்ட்டின் தங்கை, முடி திருத்தும் கடை வைத்திருப்பவள், வாயும் கத்திரியும் ஒரே வேகத்தில் ஓடும்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

மார்லூஸ் எட்டிப் பார்த்தாள். "'என் பெயர் ரூலின்.' அடேயப்பா! இதை எழுதவா ஒரு வாரம்?"

"நான் வரலைன்னு அவங்களுக்கு எழுதிப் போட்டுடறேன், மார்லூஸ்."

"எங்க வரலை?"

"சந்தைக்கு."

"விளையாடாதடி. இந்த ஒரு சந்தையை வெச்சுத்தான் உனக்கு வருஷமே ஓடுது. இதுக்கும் போகலைன்னா கடையை இழுத்து மூடவேண்டியதுதான்."

"மூடினா மூடறது" என்றாள் ரூலின். குளிருகிறது, ஜன்னலை மூடு என்கிற மாதிரிதான் சொன்னாள்.

"என்னதான்டி பிரச்சினை உனக்கு? நான் வர்றேன் கூட. மேசையைத் தூக்கறேன், பெட்டியைத் தூக்கறேன்."

"அங்க வர்ற எல்லாரும் கேப்பாங்க."

"என்னன்னு?"

"எங்க அவருன்னு. ஒருத்தர் விடாம கேப்பாங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

"கேட்டா சொல்லு."

"என்ன சொல்ல?"

மார்லூஸ் "இரு, வர்றேன்" என்று கக்கூஸுக்குப் போனாள். அங்கே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது, ஆனால் அழுகையில் இல்லை, கோபத்தில்.

"உள்ள இன்னும் ஜூன் மாசம் தொங்குது!"

"அப்படியா?"

"அப்படியாவாம்! அதான் என் பையன் பிறந்தநாளுக்கு ஒரு போன்கூட வரலை. அத்தை ஏம்மா கூப்பிடலைன்னு கேட்டான், தெரியுமா? நாடு பூரா கக்கூஸ்ல பிறந்தநாளை ஞாபகப்படுத்தறவ வீட்டுல மாசமே நின்னு போச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு அம்மா வீட்டுக்கு வந்துரு."

"எதுக்கு?"

மார்லூஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நாளைக்கு மார்ச் பதினாலு, ரூலின்."

பெரென்ட்டின் பிறந்தநாள். ரூலினுக்கு அது கேட்டது. கேட்டு, எங்கேயும் போய்ச் சேராமல் நின்றது.

"அவன் இல்லாம எப்படி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவனைப் பெத்தது நான்தானே, அந்தத் தேதியில நான்தானே வலி பட்டேன், நான் காபி போடுவேன், வர்றவங்க வரட்டும்'ங்கறா அம்மா. வேணாம்னு சொல்ல தைரியம் இருந்தா நீயே போய்ச் சொல்லிக்கோ."

ரூலின் போய்ச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஏதாவது வேண்டுமே உள்ளே.

ஞாயிற்றுக்கிழமை மழை. யானா வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள், எப்போதும் போல. சமையலறை நாற்காலி, பியானோ ஸ்டூல், கொட்டகையிலிருந்து துடைத்துக் கொண்டுவந்த தோட்டத்து நாற்காலி, எல்லாம். பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைகிறவர் வட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். பிறந்தவனுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்: உன் பிள்ளைக்கு வாழ்த்துகள், உன் அண்ணனுக்கு வாழ்த்துகள், உன் புருஷனுக்கு வாழ்த்துகள். அன்று வந்தவர்களுக்கு அதுதான் தர்மசங்கடம். கை நீண்டது, வாய் வரவில்லை. "நல்ல மழை" என்றார் சித்தப்பா லம்பெர்ட். "ஆமா, நல்ல மழை" என்று அடுத்தவரும் சொன்னார். ஒருவர் விடாமல் மழையைப் பற்றியே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். யானா ஆப்பிள் கேக்கைத் துண்டு போட்டாள். ரூலின் தன் துண்டைத் தின்று முடித்தாள். இனிப்பா புளிப்பா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு டீனி வந்தாள். எல்லாவற்றுக்கும் தாமதமாக வருகிற மனுஷி. வாசலில் மழைக்கோட்டை உதறிக் கழற்றிவிட்டு, பெரென்ட் தவழ்ந்த நாளிலிருந்து வருஷா வருஷம் நுழைகிற மாதிரியே நுழைந்தாள்.

"வாழ்த்துகள் யானா, உன் பிள்ளைக்கு!" என்று கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தாள்.

யானாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. டீனி அதைக் கவனித்தால்தானே? அடுத்து மார்லூஸ். "உன் அண்ணனுக்கு வாழ்த்துகள்!" அடுத்து லம்பெர்ட். "உங்க அண்ணன் பையனுக்கு வாழ்த்துகள்!" நிறுத்தலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கும். நிறுத்துவதற்கு என்ன சொல்வது? அவள் வட்டத்தைச் சுற்றி ரூலினிடம் வந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"வாழ்த்துகள் கண்ணு, உன் புருஷனு..."

அங்கே நின்றது. எல்லோரும் தரைவிரிப்பைப் பார்த்தார்கள்.

ரூலினின் வாய் அதுபாட்டுக்குத் திறந்தது. "நன்றி டீனி. உங்களுக்கும் வாழ்த்துகள், உங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு." வருஷா வருஷம் சொன்ன பதில், பழக்கத்தில் வந்துவிட்டது.

டீனி பிடித்த கையை விடாமல் வெளிறிப்போனாள். "அட கடவுளே! என்ன சொல்லிட்டேன் நான்! என் வாயில தீயை வைக்க!"

பரவாயில்லை என்று சொல்லத்தான் ரூலின் நினைத்தாள். வந்தது வேறு. "அவன் செத்துட்டான், டீனி."

"தெரியும்டா கண்ணு." டீனிக்குக் கண்ணீர் கொட்டியது. "அடக்கத்தன்னைக்கு எல்லாருக்கும் காபி ஊத்தினதே நான்தானே. இத்தனை வருஷமா இந்தத் தேதியில இந்த வாசல்ல நுழைஞ்சு இதையேதான் சொல்லியிருக்கேன். காலும் வாயும் அதுங்கபாட்டுக்கு வந்துருச்சு, நான் வரவே இல்ல."

ரூலினுக்கு அது புரிந்தது. ஜூனிலிருந்து அவளும் அப்படித்தானே இருக்கிறாள்.

"முதுகுக்குப் பின்னால என்ன மறைக்கற?" என்றாள் யானா.

"ஒண்ணுமில்ல."

"டீனி!"

"மிட்டாய்" என்றாள் டீனி, திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "அவனுக்கு. நேத்துக் கடையில கை தானாப் போயிடுச்சு."

இரட்டை உப்பு. கால் கிலோப் பொட்டலம், பச்சை நாடா கட்டியது.

"இப்படிக் கொடு" என்றாள் யானா. நாடாவை அவிழ்த்தாள், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், பொட்டலத்தை மார்லூஸிடம் நீட்டினாள். "பிறந்தநாளுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது. எடு, எல்லாரும் எடுங்க."

பொட்டலம் வட்டமாக வந்தது. ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சப்பினார்கள். லம்பெர்ட்டின் பல்செட்டு நகர்ந்தது. மார்லூஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். ரூலின் எடுத்து நாக்கில் வைத்தாள். சுரீர் என்றது. உப்பு நாக்கின் ஓரமெல்லாம் பிடுங்கித் தின்றது, அதற்குப் பின்னால் கசப்பு, அதற்கும் பின்னால் தார் எண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். ஜூனுக்குப் பிறகு அவள் வாய்க்குத் தெரிந்த முதல் ருசி, அதுவும் இப்படிப்பட்ட ருசி! அவள் துப்பவில்லை.

யானாதான் முதலில் தோற்றாள். கைத்துடைப்பில் துப்பினாள். "சனியன்! கருமம்! இதை எப்படித்தான் தின்னானோ என் பிள்ளை!"

"எனக்கும் பிடிக்காதும்மா" என்றாள் ரூலின்.

"எது?"

"இதுதான். எனக்கு எப்பவுமே பிடிச்சதில்ல."

யானா கைத்துடைப்பை மடியில் போட்டாள். "பிடிக்காதா? உன் இணையப் பக்கத்துல நீயே எழுதியிருக்கியேடி! உலகத்துலயே பிடிச்சது இதுதான்னு!"

"நான் எழுதலை. அவன் எழுதினான்."

"வருஷா வருஷம் டிசம்பர் பண்டிகைக்கு உனக்குன்னு பெரிய டப்பா வாங்கித் தர்றேனே, அதெல்லாம்?"

"அவன்தான் தின்னான்."

"எல்லா டப்பாவுமா?"

"ஒண்ணு விடாம. நான் வாங்கிட்டுப் போற வழியில, கார்லயே பாதி தீர்ந்துரும்."

யானா நாற்காலியில் சாய்ந்தாள். "களவாணிப் பய!" என்றாள். "பெத்தவகிட்டயே! பெண்டாட்டி பேரைச் சொல்லி!" அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்து மார்லூஸ் எழுந்தாள். யானா சிரித்துக்கொண்டிருந்தாள். லம்பெர்ட் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீனி மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராக அடங்கினார்கள், யானா எல்லோருக்கும் இரண்டாவது காபி ஊற்றினாள். ரூலின் மட்டும் வாயிலிருந்ததைக் கடைசிவரை சப்பித் தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நாக்கு இன்னும் எரிந்தது. கோட்டைக் கழற்றாமல் நேரே கக்கூஸுக்குப் போய் நாட்காட்டியைத் திருப்பினாள். ஜூன் மறைந்து மார்ச் வந்தது. பதினாலாம் தேதிக்கு நேரே அவளுடைய சொந்தக் கையெழுத்தில் 'பெரென்ட்' என்று இருந்தது. சிலர் செத்தவர்கள் பேருக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிலுவை போடுவார்கள், சிலர் பேரையே அடித்துவிடுவார்கள். அவள் இரண்டும் செய்யாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

மார்லூஸின் பையனுக்குப் போன் செய்தாள். "பிந்திப்போச்சுடா, வாழ்த்துகள்" என்றாள். "ரொம்பத்தான் பிந்திருச்சு அத்தை" என்றான் அவன், ஆனாலும் சந்தோஷமாகத்தான் சொன்னான். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'என் பெயர் ரூலின்' அங்கேயே காத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

"பிறந்தநாள் நாட்காட்டி வரைகிறேன். முன்னால் பல் டாக்டரிடம் போன் எடுத்தேன், பேக்கரியில் கேக்கின் மேல் பேர் எழுதினேன். டியூலிப் எனக்கு ஆகாது, அது நிஜம். என் புருஷன் டெவென்டரிலேயே அழகன், அதுவும் நிஜம். சண்டையில் அவன் ஒருதரம்கூட ஜெயித்ததில்லை. இத்தனை வருஷமாக என்னைப் பற்றி எழுதியதெல்லாம் அவன்தான். போன ஜூனில் பெரென்ட் செத்துவிட்டான். சந்தைக்கு நான் வருவேன். மேசைக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருப்பேன். எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு மிட்டாய் எனக்குப் பிடிக்காது. எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. இனிமேல் கொண்டுவர வேண்டாம். தின்ன ஆள் இல்லை."

கடைசி மூன்று வார்த்தையைத் திரும்பப் படித்தபோதுதான் வந்தது. அடக்கத்தன்று வராத அழுகை, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, மேசையைப் பிடித்துக்கொண்டு அழுகிற அழுகை. அழுதுகொண்டே துணி தேடி இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே மிட்டாய்தான் இருந்தது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினாள்.